கரண்டு வைத்த பிறகு வறளும் வாய்

வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொண்டே நாற்று நடுபவர்கள் நம் காலனிகளில் இன்றும் உண்டு. பசியையும் அலுப்பையும் மறக்கத் தொடங்கிய பழக்கம் சிலருக்கு வாய்ப் புற்றுநோயில் முடிகிறது. கரண்டு வைத்துப் புற்று கரைந்த பின்னும் ஒரு தொல்லை தங்கிவிடுகிறது: வாய் வறட்சி.

காதுக்குக் கீழும் தாடைக்கு அடியிலும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் கதிர்வீச்சு பாதிக்கிறது. சோறு இறங்காது, காரம் எரியும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கிலும் இது நீடிக்கும். உமிழ்நீர் குறைந்தால் பற்கள் சீக்கிரம் சொத்தையாகும். கதிர்வீச்சு பட்ட தாடையில் பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம். எனவே சிகிச்சைக்கு முன்பே பல் மருத்துவரைப் பார்ப்போம். பின்னாளில் பல் பிடுங்க நேர்ந்தால், கரண்டு வைத்ததை முதலில் சொல்வோம்.

தண்ணீரை அடிக்கடி ஒரு மடக்காகக் குடிக்கலாம். கஞ்சி, மோர், குழைந்த சோறு எளிதில் இறங்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் சிட்டிகை உப்பும் கரைத்துக் கொப்பளித்துத் துப்பலாம். புளூரைடு பற்பசை நல்லது. புகையிலை, மது, சர்க்கரை மிட்டாய் வேண்டாம். உமிழ்நீரைத் தூண்டும் மாத்திரையும் உண்டு, மருத்துவரிடம் கேட்போம்.

ஆனால் மடக்குத் தண்ணீருக்கும் நம்மில் பலர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பொதுக் குழாயையோ கடை டம்ளரையோ தீண்டாமையால் மறுப்பது 1955 ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வாய் வறண்டவருக்குத் தண்ணீர் மறுத்தால், படித்த பிள்ளைகள் புகார் எழுதிக் கொடுங்கள்; நாம் உடன் செல்வோம்.