எல்லா இருமலும் காசநோய் அன்று



புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ ஒருவர் மூன்று வாரம் விடாமல் இருமி இளைத்துப் போனால், லயத்தில் உள்ளவர்கள் "காசநோயாகத்தான் இருக்கும்" என்பார்கள். முதலில் அதைச் சோதிப்பது சரியே. ஆனால் சில வேளைகளில் நுரையீரலில் குடியிருப்பது பூஞ்சைக் காளான். பழைய ரொட்டியில் பூக்கிறதே, அந்த இனம். எக்ஸ்ரே படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். காசநோய் மருந்தோ பூஞ்சையைக் கொல்லாது.

இந்த ஏமாற்றம் பழையது. பனாமாக் கால்வாய் வெட்டிய காலத்தில், 1905-இல், இறந்துபோன ஒரு தொழிலாளியின் உடலை டாக்டர் சாமுவேல் டார்லிங் சோதித்தார். காசநோய் போலவே இருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தால் வேறு கிருமி! 'ஹிஸ்டோபிளாஸ்மா' என்று பெயரிட்டார். அது பூஞ்சை என்பதைப் பிறகு வேறொருவர்தான் உணர்ந்தார். இதே டார்லிங், கொக்கிப்புழுவை ஆராய 1915 முதல் 1917 வரை மலாயா, ஜாவா, பிஜி நாடுகளில் பணியாற்றிய குழுவுக்குத் தலைவர். அந்தப் பூஞ்சை நம் நாட்டு மண்ணிலும் உண்டு. 1963-இல் பொன்னம்பலம் என்ற ஆய்வாளர் மத்திய மலாயாவில் ஒரு குகை மண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்ததாக எழுதினார். வௌவால் எச்சமும் கோழி எச்சமும் மக்கிய மண்ணில் அது வளரும். தூசி கிளம்பினால் மூச்சோடு உள்ளே போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நுரையீரலிலிருந்து கடுகளவு சதை எடுப்பார்கள். இதற்குப் பயாப்சி என்று பெயர். அதிலுள்ள பூஞ்சையை வளர்த்துப் பார்க்க நாலு வாரம், ஆறு வாரம்கூட ஆகும். அதுவரை நோயாளி தாங்குவாரா? அதனால் சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். பூஞ்சையின் சுவரில் கைட்டின் என்ற பொருள் இருக்கிறது. கோல சிலாங்கூர் இறாலின் ஓட்டில் இருப்பதும் அதுதான். 'கால்கோஃபுளோர்' என்ற சாயம் அதைப் பற்றிக்கொள்ளும். வெள்ளைத் துணியைப் பளிச்சென்று காட்டச் சேர்க்கும் சாய வகைதான் இது. புற ஊதா ஒளியில் பார்த்தால் பூஞ்சை நீலவெள்ளையாக மின்னும். சில நிமிட வேலை. பஞ்சு நூலும் அப்படியே மின்னும் என்பதால் பழகிய கண் வேண்டும். வெள்ளிச் சாயம் இன்னொன்று. பச்சைப் பின்னணியில் பூஞ்சை கறுப்பாகத் தெரியும், நேரம் கூடுதல்.

சதையைக் கிள்ளினால் நோய் பரவும் என்று சிலர் பயப்படுகிறார்கள். பூஞ்சை அப்படிப் பரவாது. சிறிது இரத்தம் கசியலாம், காற்றும் கசியலாம்; அதற்காகத்தான் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்கிறார்கள்.

எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் பூஞ்சையை வளர்க்க முடியாது. பூஞ்சையாக இருக்கலாம் என்ற எண்ணம் டாக்டருக்கு முன்கூட்டியே வந்தால்தான் ஒரு துண்டைத் தனியே வைப்பார். ஆகவே கோழிக் கொட்டகை கூட்டியதையும், வௌவால் அடைந்த கூரையைச் சுத்தம் செய்ததையும் அவரிடம் சொல்லுங்கள். முன்பு காசநோய் வந்து குணமானவர் அதையும் மறைக்கக்கூடாது. அந்தப் பழைய குழியில்தான் 'ஆஸ்பர்ஜில்லஸ்' என்ற வேறொரு பூஞ்சை உருண்டையாகத் திரண்டு, இருமலில் இரத்தம் வரச் செய்யும்.