போர்க்காலக் கடிதங்களும் அவற்றைப் பாதுகாக்கும் முறையும்

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் இந்தியப் படைகள் பிரான்சு நாட்டின் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. வீரர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைச் சோதிப்பதற்கென ஒரு தணிக்கை அலுவலகம் அமைக்கப்பட்டது. எவலின் ஹவல் என்னும் அதிகாரி தொடக்கத்தில் அதற்குத் தலைமை வகித்தார். எழுத்தறியாச் சிப்பாய்கள் பிறரைக் கொண்டு எழுதுவித்தனர். தணிக்கையாளர் அறியாவண்ணம் இந்தியரைக் ‘கருமிளகு’ என்றும் வெள்ளையரைச் ‘செம்மிளகு’ என்றும் குறித்தவர்களும் உண்டு.

தணிக்கையாளர் எடுத்த பகுதிகளின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் இன்று இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. மூலக் கடிதங்களிற் பெரும்பாலானவையோ உரியவர்களுக்கே அனுப்பப்பட்டுவிட்டன. ஆகவே, வீரன் தன் மொழியில் கூறிய சொற்கள், அக்கடிதத்தைப் பெற்ற குடும்பத்தார் அதனைக் காத்திருந்தாலன்றிக் கிடைப்பதற்கில்லை.

இவ்வுண்மை கோலார் தங்க வயலுக்கும் பொருந்தும். தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் இவ்வூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரில், சென்னைச் சாப்பர் படையின் தலைமையிடம் உள்ளது. இரு உலகப் போர்களிலும் பணியாற்றிய இப்படையில் தமிழர் பெருமளவில் இருந்தனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் குடும்பங்கள் பல வேலை நாடி வெளியூர் சென்றன. வீடு மாறுங்கால் பழைய காகிதங்களே முதலில் கழிக்கப்படுகின்றன.

காகிதம் கெடுவதற்குக் காரணங்கள் பல. மரக்கூழ்க் காகிதத்திற் சேர்க்கப்படும் படிகாரம் நாளடைவில் அமிலத்தை உண்டாக்குகிறது; அவ்வமிலம் செல்லுலோசு இழைகளை முறிப்பதால் தாள் பழுத்து நொறுங்குகிறது. கடுக்காயும் அன்னபேதியும் கொண்டு செய்த மையில் உள்ள இரும்பும் அமிலமும் எழுத்து உள்ள இடத்தையே அரித்துத் துளையாக்கும். போர்முனையில் மிகுதியாக வழங்கிய ஊதாப் பென்சிலின் சாயமோ, நீர் பட்டதும் கரைந்து பரவும். இவற்றுடன் கரையானும் இராமபாணப் பூச்சியும் சேர்கின்றன. தங்க வயலில் சயனைடு மேடுகளிலிருந்து காற்றில் வரும் நுண்துகளும் மடிப்புகளிற் படிந்து தாளைத் தேய்க்கும்.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் வீட்டாருக்குக் கூற வேண்டுவன சிலவே. கடிதத்தை ஈரத்துணியால் துடைத்தலாகாது. மென்மையான உலர்ந்த தூரிகையே போதும். கிழிசலில் ஒட்டுநாடா ஒட்டுதலும், பிளாஸ்டிக் உறையில் சூடேற்றிப் பதித்தலும் கூடா. பின்னர் அவற்றை நீக்கினால் எழுத்தும் உடன் வரும். மடிப்பை மெல்லப் பிரித்து, அமிலமற்ற தாள்களிடையே வைத்து, தரையிலும் சுவரிலும் படாத உலர்ந்த அலமாரியில் வைத்தல் நன்று. எழுதியவர், பெற்றவர், ஊர், தேதி ஆகியவற்றைத் தனித்தாளில் குறித்தல் வேண்டும். உறையையும் எறியலாகாது, அஞ்சல் முத்திரையும் தணிக்கை முத்திரையும் அதிலேயே உள்ளன.

தாள் மிகவும் நைந்திருப்பின், வீட்டில் செப்பனிட முயலாது, முதலில் நிழற்படம் எடுத்துக்கொண்டு, பெங்களூரிலுள்ள கர்நாடக மாநில ஆவணக் காப்பகத்தின் ஆலோசனையைப் பெறுதல் தகும். மூலக் கடிதம் ஒன்றே உண்டு; அது அழிந்தபின் நகல் எடுக்க இயலாது.