பாலே ஆடும் பிள்ளையின் பாதங்களைக் கவனியுங்கள்

பாலே பயிலும் பெண்பிள்ளைகள் பலருக்கு, விரல்நுனியில் நின்று ஆட உதவும் 'பாயிண்ட்' காலணிமீது ஆசை அதிகம். ஆனால், அதை அணிந்து ஆடும்போது உடலின் பாரம் முழுவதும் விரல்நுனியில்தான் இறங்குகிறது. பொதுவாக 11, 12 வயதாகி, கணுக்கால் வலுப்பெற்ற பிறகே அதை அணிய வேண்டும்.

வலுவூட்ட வீட்டிலேயே பயிற்சி செய்யலாம். நாற்காலியைப் பிடித்தபடி குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்கலாம். தரையில் விரித்த துண்டைக் கால்விரல்களால் சுருட்டி இழுக்கலாம்.

நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரத்தை வளைத்து வெட்டினால் நகம் சதைக்குள் வளரக்கூடும். வகுப்பு முடிந்ததும் கால்களைக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடையுங்கள்.

மேடை வாய்ப்பு போய்விடுமோ என்று சில பிள்ளைகள் வலியை மறைப்பதுண்டு. ஒரே இடத்தில் தொட்டால் வலித்து, ஓய்வெடுத்தும் தணியாவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். அது எலும்பில் ஏற்பட்ட மெல்லிய விரிசலாக இருக்கலாம்.