போர்வையே பகையாகலாமா?

தந்தையார் வாங்கிய கார் ஒன்று வீட்டு முற்றத்தில் நிற்கின்றது. அது அம்பாசடராக இருக்கலாம். பிரீமியர் பத்மினியாக இருக்கலாம். 1960களில் சென்னையிலேயே உருவாகி வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டாகவும் இருக்கலாம். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த நாளிலும், மகளை மணக்கோலத்தில் அழைத்துச் சென்ற நாளிலும், பேரக் குழந்தையை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலும் உழைத்த வண்டி அது. இன்று அன்றாட அலுவல்களுக்குப் புதிய வண்டி வந்துவிட்டது. பழையதை விற்கவோ மனம் வரவில்லை. மழையில் நனையாதிருந்தால் போதும் என்று எண்ணி, வீட்டார் தடித்த பிளாஸ்டிக் தார்ப்பாயால் அதனை இறுக மூடி, காற்றில் பறக்காதிருக்க மேலே நான்கு செங்கற்களையும் வைத்துவிடுகின்றனர்.

ஐப்பசியும் கார்த்திகையும் கழிந்து, தை பிறந்ததும் திறந்து பார்க்கின்றனர். ஒரு சொட்டு மழையும் உள்ளே விழவில்லை. ஆயினும் கதவின் அடியோரத்தில் வர்ணம் கொப்புளித்திருக்கின்றது. பளபளத்த பம்பரில் பழுப்புப் புள்ளிகள் தோன்றியுள்ளன. இருக்கைகளில் பூஞ்சணம் படர்ந்துள்ளது. அன்போடு போர்த்திய போர்வையே பகையாகிவிட்டது. நனையாத வண்டி எவ்வாறு துருப்பிடித்தது?

இக்கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், நல்ல உறையைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும். இரும்பு துருப்பிடிக்க மழை வேண்டுவதில்லை. காற்றும் ஈரமும் சேர்ந்தாலே போதும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே துரு விரைந்து வளரத் தொடங்குகின்றது. கடலோர ஊர்களில் காற்றில் கலந்துள்ள உப்பு அதனை மேலும் தூண்டிவிடுகின்றது. பகல் வெயிலில் தார்ப்பாய்க்கு உட்புறம் வெப்பம் ஏற, தரையில் உள்ள ஈரம் ஆவியாகி மேலெழுகின்றது. இரவில் தகடு குளிர்ந்ததும் அந்த ஆவி அதன்மேல் நீர்த்துளிகளாகப் படிகின்றது. வெந்துகொண்டிருக்கும் சோற்றுப் பானையின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். அங்கே காணும் துளிகளின் கதையே இங்கும் நடைபெறுகின்றது. தார்ப்பாய் மழையை உள்ளே விடுவதில்லை என்பது உண்மை. உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடுவதில்லை என்பதும் உண்மை.

பழைய கார்கள் இத்தீங்குக்கு எளிதில் இரையாகின்றன. இன்றைய கார்கள் பலவற்றின் தகடுகளுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு; வர்ணத்தின்மேல் அதனைக் காக்கும் தெளிந்த மேற்பூச்சும் உண்டு. பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இவ்விரண்டும் இல்லை. தகடு அரித்துப்போனால் அதற்கு ஈடான தகடு கிடைப்பதும் அரிது. அம்பாசடர் கார்களின் உற்பத்தியே 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. 2021ஆம் ஆண்டில் நடுவண் அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதற்பதிவு பெற்று 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்துகொள்ள வழியுண்டு. ஆனால் வண்டி அதன் மூல வடிவிலேயே காக்கப்பட்டிருத்தல் வேண்டும். எனவே துருவுக்கு இழக்கும் ஒவ்வொரு தகடும் திரும்பப் பெறுதற்கரிய இழப்பாகும்.

அவ்வாறாயின், எத்தகைய உறையை வாங்குவது? கடைக்குச் செல்லுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி, வண்டி எங்கே நிற்கின்றது என்பதே.

நாற்புறமும் சுவருள்ள கார் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு மழையும் வெயிலும் பகையல்ல, தூசியே பகை. அதற்கு மிருதுவான பருத்தித் துணி அல்லது பிளானல் துணியாலான உறை போதும். அது காற்றைத் தடுப்பதில்லை, வர்ணத்தையும் கீறுவதில்லை. ஆனால் நனைந்தால் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்; ஆதலின் கூரை ஒழுகும் இடத்திற்கு இது ஏற்றதன்று.

வீட்டு முகப்பில் கூரை மட்டும் உள்ள இடத்தில் நிற்கும் வண்டிக்குச் சாரலும் சாய்ந்த வெயிலும் படும். அதற்குப் பல அடுக்குகளைக் கொண்ட, நெய்யாத செயற்கை இழைத் துணியாலான உறை நன்று. அது நீர்த்துளியைத் தடுக்கும், ஆவியை வெளியேற்றும். உட்புறம் வர்ணத்தை உரசாத மெல்லிய பஞ்சு போன்ற அடுக்கு இருத்தல் அவசியம்.

திறந்த வெளியில் நிற்கும் வண்டிக்கோ வெயில்தான் பெரும்பகை. புற ஊதாக் கதிர்கள் வர்ணத்தை வெளிறச் செய்து, கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டைகளையும் வெடிக்கச் செய்கின்றன. அவை உறையையும் விட்டுவைப்பதில்லை. தரம் குறைந்த துணி வெயிலில் நைந்து பொடியாகின்றது. இங்கே விலையைச் சற்று மிகுதியாகத் தரத் தயங்குதல் ஆகாது. வெயிலைத் தாங்கப் பதப்படுத்திய, ஆவியை வெளியேற்றும் துணியையே கேட்டு வாங்குதல் வேண்டும்.

கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. உறைத் துணியின் சிறு துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, வீட்டில் வெந்நீர் நிறைந்த தம்ளரின் மேல் இறுகப் பிடித்துப் பாருங்கள். துணியின் மேற்புறம் ஆவி எழுந்தால் அது ஈரத்தை வெளியேற்றும் துணி. எழாவிட்டால், அது வேறு பெயர் பூண்ட தார்ப்பாயே! பின்னர் அதே துணியின்மேல் சிறிது நீரை ஊற்றி, கசிகின்றதா என்று பாருங்கள். உட்புறத்தைக் கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள். கன்னத்திற்குச் சொரசொரப்பாக இருப்பது வர்ணத்திற்கும் சொரசொரப்பே.

அடுத்து, அளவு. அம்பாசடரின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர், பத்மினியும் ஹெரால்டும் 3.9 மீட்டரை ஒட்டியவை. 'எல்லாக் காருக்கும் பொருந்தும்' என்று விற்கப்படும் உறை எதற்குமே சரியாகப் பொருந்துவதில்லை. தொளதொளப்பான உறை காற்றில் அலையும்போது, இடையில் சிக்கிய தூசி உப்புத்தாளைப் போல் வர்ணத்தைத் தேய்த்துவிடும். மிக இறுக்கமானதோ தையல் விட்டுப்போகும். ஆதலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் நாடாவால் அளந்து, பக்கக் கண்ணாடிகளின் இடத்தையும் குறித்துக்கொண்டு வாங்குதல் அறிவுடைமை. அடியோரத்தில் எலாஸ்டிக்கும், வண்டியின் அடியில் கட்டுவதற்கு நாடாவும் இருந்தால் செங்கல்லுக்கு வேலையில்லை.

நல்ல உறையை வாங்கியதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. வண்டியைக் கழுவி, முற்றும் உலர்ந்த பின்னரே போர்த்துதல் வேண்டும். தூசியின்மேல் போர்த்தினால் கீறல் விழும். ஈரத்தின்மேல் போர்த்தினால் துரு வரும். எஞ்சின் சூடு தணியுமுன் போர்த்துதலும் தவறு. வாரத்திற்கு ஒருமுறை, வெயில் உள்ள காலை வேளையில், உறையை நீக்கிக் கதவுகளைத் திறந்துவிடுங்கள். பானட்டையும் திறந்து பாருங்கள். மூடிய வண்டி எலிகளுக்கு வாய்த்த நல்ல வீடு, மின்கம்பிகள் அவற்றுக்கு வாய்த்த உணவு! எஞ்சினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவதிலும் பயனில்லை. எரிபொருள் எரியும்போது உண்டாகும் நீர், சூடேறாத சைலன்சரில் தங்கி அதனை உள்ளிருந்தே அரிக்கும். வண்டியைச் சாலையில் எடுத்துச் சென்று, நன்கு சூடேறும் வரை ஓட்டி வருவதே முறை.

உறையால் ஆகாதவையும் உண்டு. தென்னை மரத்தடியில் நிற்கும் வண்டியை எந்தத் துணியும் காக்காது. 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தைப் போன்று கீழிருந்து ஏறிவரும் நீரின்முன் உறையால் பயனில்லை. மேட்டு நிலமே காவல்.

உறை ஒன்றை வாங்குமுன் ஒரு செய்தியை நெஞ்சில் இருத்துவோம். கண்ணில் படாதவாறு மூடி வைத்தல் வேறு. காத்து வைத்தல் வேறு. மூடியதை நாம் மறந்துவிடுகின்றோம். காப்பதையோ அடிக்கடி திறந்து பார்க்கின்றோம். தந்தையார் ஓட்டிய காருக்குத் தகுந்த போர்வை, ஈரத்தை வெளியேற்றும் போர்வை. வாரந்தோறும் வீட்டாரின் கைகளால் நீக்கப்படும் போர்வை. அடுத்த ஐப்பசி மழை வருமுன், உங்கள் முற்றத்தில் நிற்கும் தார்ப்பாயை ஒருமுறை தூக்கிப் பாருங்களேன்!