வேளாங்கண்ணிக்குக் கூட்டமாய்ப் புறப்படுமுன்

பன்னிரண்டு வயதில் இயேசு காணாமற்போனது ஒரு திருயாத்திரையின்போதுதான் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. பாஸ்கா விழாவுக்கு எருசலேம் சென்று திரும்புகையில், பிள்ளை உற்றார் உறவினரோடு வருகிறார் என்று நினைத்துச் சூசையப்பரும் மரியன்னையும் ஒரு நாள் வழி நடந்துவிட்டனர் என்கிறது லூக்காஸ் நற்செய்தி. மூன்று நாள் கழித்தே அவரைக் கண்டனர். ஒருவரையொருவர் நன்கறிந்த கூட்டம்தான் அது. ஆயினும் தலைகளை எண்ணிப் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. திருக்குடும்பத்துக்கே நேர்ந்தது, ஆவணி மாதத்தில் காவியுடுத்தி வேளாங்கண்ணிக்குப் புறப்படும் நம் குடும்பங்களுக்கு நேராது என்று யார் சொல்லமுடியும்?

அய்யலூரிலிருந்து மணப்பாறை, திருச்சி, தஞ்சை, நாகை வழியாக வேளாங்கண்ணி ஏறத்தாழ 225 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர் வீதம் நடந்தால் ஒன்பது நாள் ஆகும். செப்டம்பர் 7ஆம் நாள் மாலை பெரிய தேரைக் காண விரும்புவோர் ஆகஸ்டு 30 காலையிலேயே புறப்பட்டாகவேண்டும். இளைஞர்கள் 40 கிலோமீட்டர்கூட நடப்பார்கள். ஆனால் நடையின் வேகத்தை அவர்கள் வகுக்கலாகாது. கூட்டத்தில் மிகத் தளர்ந்த பாட்டியம்மாள் எவரோ, அவருடைய நடையே அனைவருக்கும் அளவுகோலாய் இருக்கட்டும். முன்னால் செல்பவர் கொடி பிடிக்கட்டும். அவரைவிடப் பொறுப்புள்ளவர் ஒருவர் எல்லாருக்கும் பின்னால் நடந்து வரட்டும்.

முதலில் பணம். நம் ஊர்களில் மாதச் சம்பளக்காரர் சிலரே. தக்காளி விலை விழுந்த மாதத்தில் யாத்திரைக்கென்று வட்டிக்கு வாங்குகிற குடும்பம், திரும்பி வந்தபின் அன்னையை நினைப்பதைவிடக் கடன்காரரையே அதிகம் நினைக்கவேண்டியிருக்கும். அய்யலூருக்கு வாரத்தில் பணம் புழங்கும் நாள் வியாழன், ஆட்டுச்சந்தை கூடும் நாள். அன்று மாலையே தலைக்கு அறுபது ரூபாய் வாங்கிக் குறித்துவந்தால், 25 வாரத்தில் 1,500 ரூபாய் சேர்ந்துவிடும். தவக்காலத்தில் தொடங்கினால் ஆகஸ்டுக்குள் முடிந்துவிடும். பணம் ஒருவரிடமும் கணக்கேடு வேறொருவரிடமும் இருப்பது நல்லது. இது சந்தேகத்தால் சொல்வதன்று; பணம் வைத்திருப்பவரின் நற்பெயரைக் காப்பதற்காகவே சொல்கிறோம்.

அடுத்து நேர்ச்சை. செருப்பின்றி நடப்பதாக நேர்ந்துகொண்டவர்கள் பலர். அவர்களுள் சர்க்கரை நோயாளிகளைக் குறித்தே நமக்குக் கவலை. நோய் முற்றியவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றிவிடும். முள் தைத்தாலும் தார் சுட்டாலும் தெரியாது. தெரியாத புண் அழுகிக் காலையே எடுக்கவேண்டிய நிலை வருவதுண்டு. “மாதாவிடம் சொன்ன சொல்லை மீறலாமா?” என்று அவர்கள் கேட்பார்கள். அக்கேள்வியைத் திருச்சபை எப்போதோ கேட்டு விடையும் தந்திருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1196ஆம் விதிப்படி, தக்க காரணம் இருப்பின், பிறருடைய உரிமைக்குப் பங்கம் வராதவாறு, தனி நேர்ச்சையிலிருந்து விலக்களிக்கப் பங்குத் தந்தைக்கு அதிகாரம் உண்டு. அடுத்த விதியோ, நேர்ந்துகொண்டவரே அதனினும் மேலான அல்லது அதற்கு ஈடான நற்செயலாக அதை மாற்றிக்கொள்ளவும் இடமளிக்கிறது. இன்சுலின் போடுபவர் புறப்படுமுன் மருத்துவரையும் பங்குத் தந்தையையும் ஒருமுறை பார்த்துவிட்டால், செருப்பணிந்தே நிம்மதியாய் நடக்கலாம்.

சாலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 2024 ஜூலையில் தஞ்சையை அடுத்த வளம்பக்குடி அருகே, சமயபுரம் மாரியம்மன் கோவிலுக்கு அதிகாலையில் நடந்து சென்ற பக்தர்கள்மேல் சரக்கு வாகனம் மோதி ஐவர் மாண்டனர். நம் யாத்திரிகர்கள் நடப்பதும் அதே திருச்சி – தஞ்சை நெடுஞ்சாலைதான். வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பது நம்மவர் வழக்கம்; ஓட்டுநர்களின் கண் சோர்வதும் விடியலுக்கு முந்திய அதே வேளையில்தான். ஆகவே நன்கு விடிந்தபின் புறப்பட்டுப் பத்து மணிக்குள் நிழலில் ஒதுங்கி, மாலை நான்கிலிருந்து இருட்டும்வரை நடப்பதே தக்கது. எதிரே வரும் வண்டியைக் காணும்படி சாலையின் வலப்புறம் நடக்கவேண்டும். காவி ஆடை இருளில் தெரியாது. ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டை சட்டைக்கு முன்னும் பின்னும் இருக்கட்டும். ஒலிபெருக்கிச் சப்பரம் அழகுதான். ஆனால் பின்னால் வரும் லாரியின் ஒலியை அது மூழ்கடித்துவிடுகிறது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வாகனத்தில் செல்வோருக்கும் ஆபத்து இல்லாமலில்லை. 2023ஆம் ஆண்டு குருத்து ஞாயிறன்று அதிகாலையில், திருச்சூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு வந்த பேருந்து ஒரத்தநாடு அருகே கவிழ்ந்து உயிர்கள் மாண்டன. இரவுப் பயணம் தவிர்க்கமுடியாததாயின் இரண்டு ஓட்டுநர்களைக் கேளுங்கள். அய்யலூர் வண்டிக் கருப்பண்ணசாமி கோவில் முன் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் எடுப்பேன் என்று ஓட்டுநர் சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம்; அவருக்கும் தம் வண்டி பத்திரமாய்ப் போய்ச்சேர வேண்டும் என்ற எண்ணம்தானே! ஆனால் கட்டணம் குறைவென்று ‘குட்டியானை’ என்னும் சிறு சரக்கு வண்டியில் மக்களை ஏற்றுவதை நாம் ஒப்பமுடியாது. சரக்கு வண்டியில் பயணிகளாய் ஏறியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என உச்ச நீதிமன்றமே தீர்ப்புரைத்திருக்கிறது. நாகையிலிருந்து வேளாங்கண்ணிக்கு 2010இல் இருப்புப்பாதை வந்துவிட்டதால், முதியவர்களை ரயிலில் அனுப்புவதும் நல்ல ஏற்பாடே.

இரவில் தங்குவதற்கு வழியிலுள்ள பங்குகளுக்கு ஒரு மாதம் முன்னதாகவே கடிதம் எழுதிவிடுங்கள். 2003இல் திண்டுக்கல் தனி மறைமாவட்டமாகும்வரை நாமும் திருச்சி மறைமாவட்டத்தினரே. அவ்வழியில் பழைய அறிமுகங்கள் இன்னும் இருக்கும். கூரையுள்ள இடம் கிடைக்குமா என்பதைவிடப் பெண்களுக்குக் கழிப்பறை உண்டா என்பதையே முதலில் கேளுங்கள். ஏற்பாடு செய்யும் ஆண்கள் பெரும்பாலும் மறக்கும் கேள்வி இது. குழுவில் இரு தாய்மாரைச் சேர்த்துக்கொண்டால் யாரும் நினைவூட்ட வேண்டியிராது.

இனிப் பெயர்ப்பட்டியல். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை வேளாங்கண்ணிக் கடற்கரையில் ஆழிப்பேரலை வாரிச் சென்றவர்களுள் பலர் வெளியூர் யாத்திரிகர்கள். இன்னார், இந்த ஊரார் என்று சொல்ல ஆளின்றிப் பலர் பொதுக்குழியில் அடக்கம் செய்யப்பட்டனர். பிள்ளை வருமென்று ஊரில் காத்திருந்த தாய்க்கு அடையாளம் காட்ட உடல்கூட இல்லை. ஆகவே ஒவ்வொருவரின் பெயர், வயது, ஊர், உறவினரின் தொலைபேசி எண், உண்ணும் மருந்து ஆகியவற்றை எழுதி ஒரு படி குழுத்தலைவரிடமும், மற்றொன்று பங்குப் பணிமனையிலும், இன்னொன்று ஊரில் தங்கிவிடும் ஒருவரிடமும் இருக்கவேண்டும். கைப்பேசி இருக்கிறதே என்பார்கள். அது நனைந்தால் எல்லா எண்களும் அதனோடு போயின. குழந்தைகளின் சட்டைப்பைக்குள் முகவரித் துண்டொன்றைத் தைத்துவிடுங்கள். ஒவ்வொரு தங்குமிடத்திலும் புறப்படுமுன் செபமாலை தொடங்கட்டும். அதற்கும் முன்னதாகத் தலைகள் எண்ணப்படட்டும்.

திரும்பும் பயணத்தைப் பற்றி எவரும் திட்டமிடுவதில்லை. ஒன்பது நாள் நடந்தவர்கள், 8ஆம் தேதி கொடியிறங்கியதும் கிடைத்த வண்டியில் நள்ளிரவிலேயே ஏறிவிடுகிறார்கள். அன்றிரவு அங்கேயே படுத்துறங்கி, 9ஆம் தேதி காலைத் திருப்பலி கண்டு, உணவருந்திப் புறப்படலாம். வண்டி வையம்பட்டியைத் தாண்டும்போதும் வெளிச்சம் இருக்கும்.