பெட்டியடியில் உருவான நாவலாசிரியர்

ப. சிங்காரம் எழுதிய நாவல்கள் இரண்டே: ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’. இரண்டிலும் இரண்டாம் உலகப்போரும் இந்திய தேசிய ராணுவமும் வருவதால், போரை எழுதியவர் என்றே அவரை அறிமுகப்படுத்துகிறோம். அது பாதிதான் சரி. 1920இல் சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம், 1938இல் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் போனது வட்டிக்கடை வேலைக்காக. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, ஒருநாள் மேலாளாவதுதான் அந்தக் கடைகளில் ஏறவேண்டிய படிவரிசை. கடன் கேட்டு வருபவன் சீனனோ மலாய்க்காரனோ, அவன் சொல்லில் எவ்வளவு நாணயம் தேறும் என்று பார்ப்பதே அங்கே அன்றாடப் பாடம். ஆளை எடைபோடும் அந்தக் கண்தான் பிறகு அவர் நாவல்களுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் செல்லையா தன் முதலாளியின் மகள் மரகதத்தைக் கைப்பிடிக்க முடியாமல் போவது ஏன்? பட்டாளத்துக்குப் போய் வந்தவன் இனி லேவாதேவிக்கு லாயக்கில்லை என்று முதலாளி வயிரமுத்துப் பிள்ளை முடிவுகட்டிவிடுகிறார். போரில் காட்டிய துணிச்சல் கடைக் கணக்கில் பற்றாக ஏறுகிறது. போரை மட்டும் தெரிந்தவருக்கு இந்தக் கணக்கு பிடிபட்டிருக்காது.

வட்டிக்கடைகளில் வேலை பார்த்தவர்கள் எத்தனையோ பேர், அவர்களெல்லாம் நாவல் எழுதினார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேடானில் ஹெமிங்வேயைத் தேடிப் படித்த வாசகர் சிங்காரம். அந்த வாசிப்பு இல்லாமல் தொழில் அனுபவம் வெறும் கடைப்பேச்சாகவே நின்றிருக்கும். ஆனால் வாசிப்பு மட்டும் பாண்டியனைத் தந்திருக்காது. ‘புயலிலே ஒரு தோணி’யின் நாயகனான அவன் தமிழ்ப் பெருமையைக் கிண்டலடிக்கும்போது, வராக் கடனைத் தோண்டிப் பார்க்கும் அடுத்தாளின் இரக்கமின்மை அதில் தெரிகிறது.

இன்னொரு கேள்விக்கு விடை சொல்வது சற்றுக் கடினம். 1946இல் ஊர் திரும்பியவர், மறு ஆண்டிலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மதுரை தினத்தந்தியில் பணியாற்றினார். பார்த்த வேலைதான் எழுத்தாளனை ஆக்குகிறது என்றால் அச்செய்தியறையிலிருந்து ஏன் ஒரு நாவலும் வரவில்லை? வேலை கதைக்களமாக மாற, அதை விட்டு விலகிய தூரமும் வேண்டும் என்றே நினைக்கிறேன். மேடானும், நாவல்களில் வரும் பினாங்கும் அவருக்குக் கடலுக்கு அப்பால் போய்விட்டன. பத்திரிகை வேலையோ மறுநாள் காலையும் காத்திருந்தது. பதிப்புலகமும் தன் பங்குக்குச் சோர்வடைய வைத்தது. கலைமகள் போட்டியில் பரிசு வாங்கிய முதல் நாவல் 1959இல்தான் புத்தகமானது. இரண்டாவது, எழுதி முடித்துப் பல ஆண்டுகள் கழித்து, 1972இல் வெளிவந்தது. மூன்றாவதை எழுதாததற்கு அவரிடம் விளக்கம் கேட்கும் உரிமை நமக்கு அதிகமில்லை.