கதைப் பிராயம் – 11: தலைக்கறி வேகும் வீடு

நீதி சொல்வதற்கென்றே எழுதப்படும் கதைகள் பிள்ளைகளிடம் ஏன் எடுபடுவதில்லை என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், தெலுங்கு வானொலியில் பிள்ளைகளுக்காக நிகழ்ச்சி நடத்திய ‘ரேடியோ அண்ணய்யா’ நியாயபதி ராகவராவைப் பற்றி எழுத வேண்டியது. அதற்குள் 1979இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை குறுக்கே வந்துவிட்டது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் ஸ்டெஃபென்சென், சித்ரா ஜோக்தேவ், ரிச்சர்ட் ஆண்டர்சன் ஆகிய மூவரும் செய்த ஆய்வு அது. இரண்டு கடிதங்கள், இரண்டும் ஆங்கிலத்தில். ஒன்றில் இந்தியக் கல்யாணம், மற்றதில் அமெரிக்கக் கல்யாணம். இந்தியர்களும் அமெரிக்கர்களும் இரண்டையும் படித்துவிட்டு, நினைவில் நின்றதை எழுத வேண்டும். அவரவர் தங்கள் நாட்டுக் கல்யாணத்தை விரைவாகப் படித்தார்கள், அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். இதில் வியப்பில்லை. சுவையெல்லாம் தப்பாகப் புரிந்துகொண்ட இடங்களில்தான் இருக்கிறது. அமெரிக்க மணமகள் தன் பாட்டியின் கல்யாண உடையை உடுத்தியிருந்தாள். அங்கே அது குடும்பப் பெருமை. படித்த இந்தியர் ஒருவருக்கோ அது பத்தாம்பசலி உடையாகத்தான் தெரிந்தது. இந்தியக் கடிதத்தில் சம்பந்தி வீட்டுக்குச் செய்யவேண்டிய சீர் பற்றிய பேச்சு வருகிறது. அந்தப் பேச்சில் இருந்த பதற்றம் அமெரிக்கருக்கு எட்டவில்லை. இரு வீட்டாரும் மகிழ்ச்சியாகப் பரிசு மாற்றிக்கொண்டார்கள் என்று அவர் எழுதிவைத்தார்.

இவர்கள் யாருக்கும் எழுத்துத் தெரியாமல் இல்லை, சொல்லுக்குப் பொருள் தெரியாமலும் இல்லை. பல்கலைக்கழகம்வரை வந்துவிட்ட பெரியவர்கள். ஆக, வாசித்துப் புரிந்துகொள்வதில் ஒரு பாதிதான் தாளில் இருக்கிறது. மறுபாதியை வாசிப்பவர் தன் வாழ்க்கையிலிருந்து கொண்டுவந்து சேர்க்கிறார். வளர்ந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், எழுத்துக்கூட்டத் தொடங்கியிருக்கும் ஆறு வயதுப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். ஆபீஸுக்குப் போகும் அப்பா, தனித்தனி அறைகள், மெழுகுவத்தி ஏற்றிய பிறந்தநாள் கேக் என்று விரிகிற கதை, ஐதராபாத் பழைய நகரத்தின் ஒற்றை அறை வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இரட்டைச் சுமை. எழுத்தையும் பழக வேண்டும், பழக்கமில்லாத ஒரு வீட்டையும் மனத்தில் கட்டி எழுப்ப வேண்டும். ஆட்டுத்தலையை எப்படி வாட்டுவது, எப்படிச் சுரண்டிக் கழுவுவது என்றெல்லாம் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கலாம். அந்த அறிவை எந்தப் புத்தகமும் கேட்பதில்லை. பிள்ளை தடுமாறியதும் ‘இதுக்குப் படிப்பு ஏறல’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

கேட்ட புத்தகங்களும் உண்டு, அவை ஐதராபாத்திலிருந்தே புறப்பட்டன. 1985இல் இங்கே தொடங்கப்பட்ட ‘அன்வேஷி’ பெண்ணாய்வு மையம், தலித், முஸ்லிம், உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து கதைகளைத் திரட்டியது. ‘டிஃபரென்ட் டேல்ஸ்’ என்ற வரிசையில் எட்டுப் புத்தகங்களாக, தெலுங்கு, மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில், 2008இல் கோட்டயம் டி.சி. புக்ஸின் ‘மேங்கோ’ பதிப்பாக அவை வெளிவந்தன. வரிசைக்குப் பதிப்பாசிரியர் தீபா சீனிவாஸ். முகமது கதீர் பாபுவின் ‘ஹெட் கறி’யில் ஒரு முஸ்லிம் வீட்டில் தலைக்கறி சமைக்கிறார்கள். அதில் உபதேசம் இல்லை, சிறுபான்மையினர் மீது இரக்கம் கோருவதும் இல்லை. ஒரு வீடு, ஓர் அடுப்பு, பசியோடு காத்திருக்கும் பிள்ளை. அந்த வாசனை தெரிந்த பிள்ளைக்கு, பாதிக் கதை படிப்பதற்கு முன்பே புரிந்திருக்கும்.

‘தெரிந்ததையே படிப்பதற்குப் புத்தகம் எதற்கு? காணாத உலகத்தைக் காட்டுவதல்லவா கதை?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கல்யாண ஆய்வு இந்தப் பக்கமும் பேசுகிறது. சீரைப் பரிசென்று நினைத்த அமெரிக்கருக்கு இந்தியக் கடிதங்கள் இன்னும் பத்துத் தேவைப்பட்டன. அதுபோல, தலைக்கறியின் பெயரைக் கேட்டதும் முகம் சுளிக்கும் வகுப்புத் தோழனுக்கு அந்தப் புத்தகம் இன்னும் அதிகமாகத் தேவை. பிள்ளைகளுக்குப் புத்தகம் கண்ணாடியாகவும் சன்னலாகவும் இருக்கவேண்டும் என்று ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதினார். இங்கே ஒரு சாராருக்குக் கண்ணாடி மட்டும், மறுசாராருக்குச் சன்னல் மட்டும் என்று பங்கு பிரித்திருக்கிறோம். எப்போதும் சன்னலருகே நிற்கும் பிள்ளை, கதையென்றால் அடுத்த வீட்டுச் சமாசாரம் என்று முடிவுகட்டுவதில் என்ன வியப்பு?

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. இதே வரிசையில் கோகு சியாமளாவின் கதையொன்றில், பாலமணி என்ற சிறுமி வயலில் தன்மீது பாயும் பண்ணையாரை எதிர்த்து மீள்கிறாள். இதையெல்லாம் பிள்ளைகள் படிக்கலாமா? எந்த வயதில் கொடுப்பது என்று யோசிப்பது சரி. கொடுக்கவே கூடாது என்பது சரியல்ல. பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரும் சிற்றன்னையையும் பாட்டியை விழுங்கும் ஓநாயையும் யாரும் அலமாரியிலிருந்து அகற்றவில்லை. தூரதேசத்துக் கொடுமை கதையாகிவிடுகிறது. நம் ஊர்க் கொடுமை மட்டும் பிள்ளைக்கு ஆகாததாகிவிடுகிறது. இதில் நாம் காப்பாற்றுவது பிள்ளையை அல்ல, நம்மைத்தான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பு அலமாரியில் இருக்கும் கதைகளை எடுத்து, அவற்றில் வருவது யார் வீடு, யார் சாப்பாடு, யார் தெரு என்று ஒருமுறை பாருங்கள். வகுப்பில் இருந்தும் அலமாரியில் இல்லாத பிள்ளைகள் யாரென்று தெரிந்துவிடும். அடுத்த புத்தகத்தை அவர்களுக்காக வாங்குங்கள். சென்னையில் 1945இல் ‘பால’ இதழைத் தொடங்கி, 1956இல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்த ராகவராவும் அவர் மனைவி காமேஸ்வரியும் அடுத்த வாரம் வருவார்கள். இனி ஒத்திவைப்பு இல்லை.